பொம்மை சுருங்கிய பக்கம்

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு செராமிக் கம்பெனியில் அப்போது நான் பொம்மைகளுக்குக் கண் வரைந்துகொண்டிருந்தேன். சூளையில் வெந்து வரும் வெள்ளைப் பொம்மைக்குப் புருவம், விழி, உதடு, அவ்வளவுதான் என் வேலை. இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். மகள் ஆறாம் வகுப்பு. அவளுடைய நோட்டுகளின் கடைசிப் பக்கங்களில் நான் வரைந்த மாடுகளும் கரும்பு லாரிகளும் நிறைந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு அவளுடைய அறிவியல் டீச்சர் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக்கே வந்துவிட்டார்.

"இதெல்லாம் நீங்க வரைஞ்சதாம்மா?"

திட்டப்போகிறார் என்றே நினைத்தேன். "நோட்ட வீணாக்கிட்டேன் டீச்சர், மன்னிச்சிக்குங்க."

அவர் சிரித்துவிட்டார். பாடப்புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி விடுகிற பிள்ளைகள், படக்கதை என்றால் ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்குகிறார்கள் என்றார். இந்த ஊர்ப் பொம்மை எப்படி உருவாகிறது என்பதையே படக்கதையாகப் போட்டு, அதில் அறிவியலைச் சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை.

"நா எட்டாவதுதான் டீச்சர் படிச்சிருக்கேன்."

"எழுதறத நா பாத்துக்கறேன். நீங்க வரைஞ்சா போதும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்ணாடத்திலிருந்து பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வருவார். தரையில் சார்ட் அட்டையை விரித்துக் கட்டம் கட்டமாகக் கோடு போடுவோம். களிமண்ணே கதை சொல்வதுபோல அவர் எழுதியிருந்தார். மண் கூழாகக் கரைகிறது, அச்சில் ஊற்றப்படுகிறது, பொம்மையாக வெளியே வந்து காய்கிறது, சூளைக்குள் போகிறது. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சூளைப் பக்கத்துக்கு வந்ததும் என் பென்சில் நின்றுவிட்டது. உள்ளே போகும் பொம்மையையும் வெளியே வரும் பொம்மையையும் ஒரே அளவில் வரையச் சொல்லிக் குறிப்பு இருந்தது.

"இது தப்பு டீச்சர். வெந்து வந்தா பொம்ம சின்னதாயிடும்."

"நெசமாவா? சூடு பண்ணா எல்லாப் பொருளும் விரியும்னுதானே பாடத்துல சொல்லித் தர்றேன்?"

பாடத்தில் இருப்பது எனக்குத் தெரியாது. ஆனால் கண்ணால் பார்த்ததை எப்படி மாற்றி வரைவது? மறுநாள் கம்பெனியில் கேட்டு, ஒரே அச்சில் எடுத்த இரண்டு பொம்மைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். ஒன்று வேகாதது, ஒன்று வெந்தது. மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். அக்காவும் தங்கையும் நிற்பதுபோல இருந்தது. டீச்சர் ஸ்கேல் வைத்து இரண்டு தடவை அளந்தார். "இத்தன வருஷமா இந்த ஊர்ல பாடம் எடுக்கறேன், எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். சொல்லக் கூச்சப்படவே இல்லை.

அடுத்த வாரம் எங்கெங்கோ படித்துக் காரணத்தோடு வந்தார். அதை எனக்குச் சொன்னார், நான் படமாக்கினேன். மண் துகள்களை வேப்பூர் பஸ்ஸில் நிற்கும் ஆட்களாக வரைந்தேன். நடுநடுவே நிற்பது தண்ணீர். காயும்போது தண்ணீர் இறங்கிப் போகிறது, மற்றவர்கள் நெருங்கி நிற்கிறார்கள். சூளையின் சூட்டில் மண்ணில் ஒரு பங்கு உருகி, மிச்சமிருப்பவர்களை இன்னும் கிட்ட இழுத்துக் கட்டிப்போடுகிறது. அந்தப் பக்கத்தை மட்டும் நான்கு முறை கிழித்துப் போட்டு வரைந்தேன்.

ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடித்த புத்தகங்களைப் பள்ளியில் நடந்த கண்காட்சியில் வைத்தோம். அட்டையை அப்போதுதான் பார்த்தேன். 'படம்' என்று போட்டு என் பெயர். அதற்குக் கீழே 'அறிவியல் சரிபார்த்தவர்' என்று போட்டு மறுபடியும் என் பெயர்.

"என்னா டீச்சர் இது? யாராவது பாத்தா சிரிப்பாங்க."

"யாரு சரிபாத்தாங்களோ அவங்க பேரத்தானே போடணும்?"

பார்வையிட வந்த கல்வி அதிகாரி ஒருவர் புத்தகத்தைப் புரட்டினார். "படக்கதையில அறிவியலா? அதுலயும் படம் போட்டவங்களே சரிபாத்திருக்காங்களே, அவங்க எந்தக் காலேஜ்?"

டீச்சர் என்னைக் கை காட்டினார்.

"செராமிக் கம்பெனியில பொம்மைக்குக் கண்ணு வரையறேங்க சார்."

அவர் என்னையும் புத்தகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். சூளைப் பக்கத்தைத் திறந்து நீட்டினார். "சரி, ஏன் சுருங்குது? சொல்லுங்க பாப்போம்."

சொன்னேன். முதல் இரண்டு வரி தடுமாறியது. அப்புறம் பஸ் ஆட்களை விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். சுற்றிலும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். நடுவில் அவர் ஒரு கேள்வி கேட்டார். "அப்ப, நமக்கு வேண்டிய அளவுல பொம்ம வேணும்னா?"

"அச்சையே பெருசா செய்வாங்க சார். எம்மாம் சுருங்கும்னு அச்சு செய்யறவருக்குத் தெரியும்."

அவர் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். கடைசிவரை படித்துவிட்டு, நல்லூர் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் இதை அனுப்ப வேண்டும் என்று டீச்சரிடம் சொன்னார். என் மகள் கூட்டத்தில் நின்று, "எங்கம்மா, எங்கம்மா" என்று பக்கத்தில் இருப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு என் தோள் என்னை அறியாமல் நிமிர்ந்தே இருந்தது.

நல்லூருக்குப் புத்தகங்கள் போன பிறகு, அடுத்ததாக வரலாற்றில் ஒன்று செய்யலாம் என்றார் டீச்சர். எங்கள் ஊரில் ரயில் ஜங்ஷன் வந்த கதை. ஸ்டேஷனில் விசாரிக்க அவரும் கூட வருவதாகச் சொன்னார். "வேணாம் டீச்சர், நானே போயி கேட்டுட்டு வரேன்" என்று பென்சிலையும் ஒரு புது நோட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.