பலேர்மோவுக்கு நான் சொன்ன வழி

தொண்ணூறுகளின் நடுவில் நான் ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுண் மாடிகளுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தமிழ் ட்ராவல்ஸில் ரிக்கற் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்தாறு. நான் செய்த விமானப் பயணம் ஒன்றே ஒன்று, அதுவும் அகதியாக வந்து இறங்கியது. ஆனால் மேசைக்கு முன்னால் ஆள் வந்து உட்கார்ந்தால் உலகம் சுற்றியவன்போலத்தான் கதைப்பேன்.

இத்தாலியின் தெற்கே, சிசிலித் தீவிலுள்ள பலேர்மோ நகரத்தில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் வீட்டு வேலை செய்துகொண்டு இருந்தார்கள். அவர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ரிக்கற்றோடு புத்திமதியும் இலவசம். மத்தியானம் கடைகளைப் பூட்டினால் பின்னேரம்தான் திறப்பார்கள், ரயில் ரிக்கற்றை ஏறமுதல் மெஷினில் குத்த வேண்டும், கப்ரி தீவுக்கு நேப்பிள்ஸில் படகு எடுக்கலாம். எல்லாம் சுற்றுலா வண்ணப் புத்தகங்களில் வாசித்தது, பிழையில்லை. அதற்கு மேல் என் சொந்தச் சரக்கு ஒன்றும் இருந்தது. தெற்கு இத்தாலி முழுக்கக் கள்ளர் என்பது. யாரோ சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அன்ரி வந்தார். ஒரே மகன் பலேர்மோவில். நாட்டைவிட்டு வெளிக்கிட்டபோது ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தவர்கள், எட்டு வருடமாக முகம் பார்க்கவில்லை. கனேடியப் பாஸ்போர்ட் கிடைத்த கிழமையே என்னிடம் வந்துவிட்டார். ரோம் வரை விமானமும் அங்கிருந்து இரவு ரயிலும் போட்டேன். ரயில் ஏறும்வரை ஆட்களிடம் காட்டுவதற்கு, பலேர்மோ ரயில் எது என்று கொட்டை எழுத்தில் ஒரு கடதாசியும் எழுதிக் கொடுத்தேன்.

"ஏறினாப் பிறகு ஒருத்தரோடையும் கதை வேண்டாம் அன்ரி. யூனிபோம் போட்டும் ஏமாத்துவினம். ஆர் வந்து கூப்பிட்டாலும் இடத்தை விட்டு எழும்பாதேங்கோ. கடைசி ஸ்டேஷன்தான் பலேர்மோ."

அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் போய் மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கடையைத் திறக்கிறேன், போன் அடிக்கிறது. பலேர்மோவிலிருந்து மகன். அங்கே அப்போது பின்னேரம் நாலு மணி. "அண்ணை, அம்மா வரேல்லை. காலமை தொடக்கம் ஸ்டேஷனிலதான் நிக்கிறன், வந்த ரயில் எல்லாம் பாத்திட்டன்" என்றான்.

பக்கத்துக் கடையில் ஒரு இத்தாலியர் முடி வெட்டுவார். அறுபது வயதிருக்கும், தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர். வேறு வழி தெரியாமல் அவரிடம் ஓடினேன். ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, எந்தப் பெட்டியில் ஏறினார் என்று கேட்டார். எனக்குக் கேள்வியே விளங்கவில்லை.

அவர்தான் சொன்னார். அந்த ரயில் கடலைக் கடக்கக் கப்பலில் ஏறும். அக்கரையில், மெசினாவில், இரண்டாகப் பிரியும். பாதிப் பெட்டிகள் பலேர்மோவுக்கு, மீதி தெற்கே சிராகூசாவுக்கு. ஒவ்வொரு பெட்டியிலும் ஊர்ப்பெயர் எழுதிய பலகை தொங்கும். நான் சொன்ன கடைசி ஸ்டேஷன் ஒன்றல்ல, இரண்டு.

மெசினாவில் இருந்த தன் தங்கைக்கு அவர் போன் போட்டார். தங்கை ஸ்டேஷன்களுக்குப் போன் போட்டார். ஒரு மணித்தியாலத்தில் பதில் வந்தது. சிராகூசா ஸ்டேஷன் வாங்கில் ஒரு பெண், சூட்கேஸை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். மெசினாவில் ரிக்கற் பார்த்த ரயில் கார்டும் பயணிகளும் பெட்டி மாற்றிவிட எவ்வளவோ பார்த்தும், அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறார். ரயில்வேக்காரர் ஒருவரின் மனைவி சாப்பிடக் கொண்டுவந்து கொடுத்த பாணைத் திரும்பியும் பார்க்கவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. கையில் இருந்த கடதாசியைக் காட்டவும் இல்லை, போனுக்கு வரவும் இல்லை.

சிராகூசா ஸ்டேஷனை லைனில் பிடித்தபிறகு, முடிவெட்டுகிறவருக்கு இரண்டு தமிழ்ச் சொல் சொல்லிக்கொடுத்தேன். "அன்ரி, வாங்கோ." அதை அவர் போனில் கத்திக் கத்தி அங்கிருந்தவருக்குப் பழக்கினார். இன்னமும் பாதிச் சவரத்தோடு கதிரையில் இருந்த மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அன்ரியின் குரல் கேட்டது.

"தம்பி, நீர் சொன்னமாதிரியே செய்தனான். எத்தினை பேர் வந்து கூப்பிட்டவை, ஒருத்தரையும் நம்பேல்லை. பலேர்மோ இதுதானே? ஏன் பிள்ளை இன்னும் வரேல்லை?"

"அன்ரி, நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன். உது வேற ஊர். உவை நல்ல சனம். முதல்ல உவை தாற தண்ணியைக் குடியுங்கோ. மகன் உங்கை வருவார்" என்றேன்.

போனை வைத்ததும், அவர் ஏன் இவ்வளவு பயந்தார் என்று முடிவெட்டுகிறவர் கேட்டார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். வாய் வரவில்லை. உங்கள் ஊர்ச் சனம் எல்லாம் கள்ளர் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன் என்றேன். அவர், இப்போதாவது தண்ணீர் குடித்தாரா என்று மட்டும் கேட்டுவிட்டுக் கத்தியை எடுத்தார். ஏசி நாலு பேச்சுப் பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மகன் சிராகூசாவுக்குப் போய்ச் சேரும்வரை அந்த ரயில்வேக்காரரும் மனைவியும் அன்ரியைத் தங்கள் வீட்டில் வைத்திருந்தார்கள். ஒரு மாதம் கழித்துத் திரும்பிவந்த அன்ரி நேரே பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு பெட்டி எலுமிச்சை இனிப்புக் கொடுத்தார். எனக்கு ஒன்றும் இல்லை. அது நியாயம்தான்.

பயணம் போகிறவர்கள் இன்றும் என்னிடம் வழி கேட்கிறார்கள். எந்த ரயில், எந்தப் பெட்டி என்று விசாரித்துச் சொல்லுகிறேன். தெரியாததைத் தெரியாது என்கிறேன். ஆனால் நான் கண்டேயிராத மனிதரைப் பற்றி நான் சொன்ன ஒரு சொல்லை நம்பி, ஒரு தாய், நீட்டிய தண்ணீரைக்கூட வாங்காமல் ஒரு பகல் முழுவதும் தாகத்தோடு இருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் கூசுகிறது.