பத்து லட்சத்து ஒன்பதும் சுப்ரஜாவும்

சுப்ரஜா வாகட் என்னும் புறநகர்ப் பகுதியில் குடியிருக்கிறார். அருகிலுள்ள ஹிஞ்சேவாடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனையாளர். பொள்ளாச்சியில் கணிதம் படித்தவர். பிறர் எழுதிய நிரல்களில் பிழை தேடுவது அவர் வேலை. அதைத் தானியங்கிக் கருவியிடம் ஒப்படைக்கும் பேச்சு சென்ற மழைக்காலத்தில் எழுந்ததிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அலுவலக வண்டியில் சன்னலைத் திறப்பார், உடனே மூடுவார்.

உடன் பயணிக்கும் முரளி சென்னைக்காரர். புதிய செயலி ஒன்றின் பொறுப்பாளர். ஒருநாள் நெரிசலில் வண்டி நின்றபோது அவர் சீண்டினார்.

“பத்து லட்சத்து ஒன்பது பகா எண்ணாக்கா? மெஷின் கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள சொல்லிடும். நீங்க மனக்கணக்குல சொல்லுங்க பாப்போம்.”

“சொல்லிட்டா?”

“என் ஆப்போட டெஸ்டிங் உங்களுக்குத்தான். நானே மேலிடத்துக்கு மெயில் போடறேன். ஃபோனத் தொடக் கூடாது.”

ஆயிரத்தின் வர்க்கத்தோடு மூன்றின் வர்க்கத்தைக் கூட்டினால் இந்த எண் கிடைக்கும். ஆகவே, நான்கால் வகுத்தால் மீதி ஒன்று தரும் பகா எண்கள் மட்டுமே இதை வகுக்கக்கூடும் என்பது சுப்ரஜாவுக்குத் தெரியும். ஆயிரத்துக்கு உட்பட்ட அத்தகைய எண்களை வரிசையாக எடுத்து, போகும்போதும் வரும்போதும் வகுத்துப் பார்த்தார். எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை.

“பகா எண்தான்” என்றார் வியாழனன்று.

“நீங்க சொன்னா சரிதான்” என்று முரளி, தாமும் சரிபார்க்காமல், மின்னஞ்சலை அனுப்பிவிட்டார்.

வேலை நிலைத்தது, மனம் நிலைக்கவில்லை. இதே எண்ணை வேறு இரு வர்க்கங்களின் கூட்டாகவும் எழுத முடிந்தால் அது பகா எண்ணாக இருக்க முடியாது. எண் ஒன்பதில் முடிவதால் அவற்றில் ஒன்று ஐந்தின் மடங்கின் வர்க்கமாகத்தான் இருக்க வேண்டும். ஞாயிறு காலை, குக்கரின் விசிலை எண்ண மறந்து, ஐந்தின் மடங்குகளை ஒவ்வொன்றாக வர்க்கமாக்கிக் கழித்துக்கொண்டே போனார். 235-இல் கை நின்றது. மிச்சம் 972-இன் வர்க்கம்.

அப்படியானால் ஒரு காரணி தப்பியிருக்கிறது. தேடினார்: 293. அதை 3413-ஆல் பெருக்கினால் பத்து லட்சத்து ஒன்பது. வாகட் பாலத்தடியில் வண்டி திடீரென நகர்ந்தபோது 281-இலிருந்து 313-க்குத் தாவியது நினைவுக்கு வந்தது.

திங்களன்று வண்டியில் ஏறியதும் 293 தப்பியதைச் சொன்னார்.

“மெயில மாத்திப் போடுங்க முரளி.”

“எதுக்குக்கா? தப்பக் கண்டுபிடிச்சதும் நீங்கதானே. டெஸ்டர் வேலையே அதானே.”

“மூணு நாள் கழிச்சுல்ல கண்டுபுடிச்சேன். அதுக்குள்ள உங்க ஆப் தப்போடயே ஊரெல்லாம் போயிருக்கும்.”

முரளி ஃபோனை எடுத்தார். சோதனையைக் கருவிக்கே தரலாம் என்று தட்டச்சு செய்து, அனுப்புமுன் சுப்ரஜாவிடம் காட்டினார். அவர் படித்துவிட்டுச் சரியென்று தலையசைத்தார்.

வண்டி நகர்வதாக இல்லை. சுப்ரஜா கதவைத் திறந்து இறங்கி நடந்தார். 3413-ஐப் பதின்மூன்றால் வகுத்தபடியே சென்றார். பத்து லட்சத்து ஒன்பதையே பதின்மூன்றால் முன்பு வகுத்துப் பார்த்து, வகுபடாது என்று கண்டிருந்தார். இப்போது அதையும் அவர் நம்பவில்லை.