சித்தப்பா கொண்டுவந்த பவளப்பாறை

சித்தப்பாவுக்குப் பெண் தேடித் தேடி வீடே அலுத்துப்போயிருந்த சமயம். ராமேசுவரம் பக்கம் டூர் போனவர், எடுத்தால் கேஸ் என்று படகுக்காரர் எச்சரித்தும் கேட்காமல், ஆழமில்லாத இடத்தில் இறங்கி ஒரு பவளப்பாறைத் துண்டைப் பெயர்த்துவிட்டார். கேனில் கடல்தண்ணீரோடு அது கொல்லிமலை ஏறி வந்தது. மண் நிறம், காலிஃபிளவர் வடிவம். உற்றுப் பார்த்தால் மேலே பொடிப்பொடியாகப் பூக்கள் அசைந்தன. ஞாயிற்றுக்கிழமை எங்கள் மலையிலேயே உள்ள திருப்புலி நாட்டிலிருந்து பெண்வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தார்கள். மலையில் யாரிடமும் இல்லாத ஒன்றைக் காட்டி அவர்களை அசத்திவிட வேண்டும் என்பது அவர் திட்டம்.

"பாக்கத்தான் கல்லு, உசுரு இருக்குது கண்ணு. தண்ணி மாத்தி ஊத்தி நீதான் பாத்துக்கோணும்" என்று என்னிடம் ஒப்படைத்தார்.

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அதை ஓர் அண்டாவில் போட்டு மூடி வைத்தேன். கடல்தண்ணீர் தீர்ந்ததும் ஓடைத் தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்து ஊற்றினேன். கடலில் பிறந்தது நம் மலைக்குளிரைத் தாங்குமா என்று வெந்நீரும் கலந்தேன். அத்தனை கரிசனம்!

ஓரிரு நாளில் அது பளீரென்று வெளுத்தது. அழுக்கெல்லாம் போய்விட்டது என்று எல்லாரும் மெச்சினார்கள். சித்தப்பா என் கன்னத்தைக் கிள்ளினார். பள்ளிக்கூடத்தில் நான் அடித்த பீற்றலை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

சனிக்கிழமை லேசாக வீச்சம் அடித்தது. எலி செத்திருக்கும் என்று அம்மா பரணெல்லாம் தேடினாள். மறுநாள் பெண்வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். சித்தப்பா பெருமையாக அண்டாவை நடுவீட்டுக்குக் கொண்டுவந்து மூடியைத் திறந்தார். கொழகொழவென்று ஏடு படிந்த தண்ணீரிலிருந்து கிளம்பிய நாற்றத்தில் வந்தவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

பெண்வீட்டார் கை நனைத்தால்தான் சம்பந்தம் உறுதி. உள்ளே இலை போட்டுத் தயாராக இருந்தது.

"ஏனுங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போலாமுங்க" என்று அப்பா கெஞ்சினார்.

"இருக்கட்டுங்க, இன்னொரு நாளைக்கு வாரோமுங்க" என்றபடி பெண்ணின் தகப்பனார் செருப்பை மாட்டினார்.

அவர்கள் வரவே இல்லை. சித்தப்பா முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு, மிளகு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அவருக்குக் கல்யாணமாக இன்னும் சில வருஷம் ஆயிற்று.

பவளம் கல்லல்ல, சின்னஞ்சிறு பிராணிகளின் கூட்டம் என்பதை வளர்ந்து பெரியவளான பிறகுதான் படித்தேன். அதன் சதைக்குள் குடியிருக்கும் பாசிதான் அதற்கு நிறமும் தருகிறது, சோறும் போடுகிறது. தண்ணீர் சூடானால் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுக்கும், பிறகு பட்டினியில் சாகும். இப்போது கடலே சூடாகி, கண்ணுக்கெட்டிய தூரம் வெளுத்துக் கிடக்கும் படங்களைப் போனில் காட்டுகிறார்கள். என்னால் பார்க்க முடிவதில்லை.

அன்று நான் அழுததெல்லாம் கெட்டுப்போன கல்யாணத்துக்காக மட்டும்தான். அந்தப் பவளம் வெளுக்கத் தொடங்கிய அன்று, எல்லாரும் மெச்சிவிட்டுப் போனதும், இன்னும் கொஞ்சம் வெளுக்கட்டும் என்று ஆசையாய் ஒரு சொம்பு வெந்நீர் சேர்த்து ஊற்றினேன்.