இடது கை கல் பெல்ட்

போன வாரம் திருச்சியில் மகள் குடியிருக்கும் அடுக்குமாடியில் லிஃப்டுக்குள் நின்றுகொண்டிருந்தேன். கதவு மூடப்போகிற நேரத்தில் ஒரு அம்மாள் காய்கறிப் பையோடு ஓடி வந்தார். திறந்து பிடிக்கலாம் என்று அவசரமாகப் பட்டனை அமுக்கினேன். லிஃப்டில் பார்த்திருப்பீர்கள், எதிரும் புதிருமாக இரண்டு முக்கோணம் ஒரு பட்டனில், முதுகோடு முதுகாக இரண்டு முக்கோணம் இன்னொன்றில். எது திறக்கும், எது மூடும் என்று எனக்கு இந்த வயதிலும் சட்டென்று பிடிபடுவதில்லை. மூடுகிறதை அமுக்கிவிட்டேன். கதவு அவர் முழங்கையில் இடித்துத் தானாகவே திறந்துகொண்டது.

"பாத்து அமுக்கக் கூடாதா சார்?" என்றார், கோபமில்லாமல்தான்.

வீட்டுக்குள் போனதும் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். சர்க்கரை குறைந்துவிட்டது போல என்று மகள் பால் கலக்க ஓடினாள். சர்க்கரையெல்லாம் சரியாகத்தான் இருந்தது. எனக்குச் சவரிமுத்து அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசியில் அரியலூர்ப் பக்கம் ஒரு கல் ஆலையில் எனக்கு வேலை கிடைத்தது. சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுத்து உடைத்து லாரியில் அனுப்புகிற இடம். பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. எங்கள் ஊர் வாலிகண்டபுரத்திலிருந்து சைக்கிளில் பெரம்பலூர் வந்து, அங்கிருந்து பஸ். போகும்போது வெள்ளைச் சட்டை, திரும்பும்போது அதைவிட வெள்ளை. புருவம், காது மடல், சாப்பாட்டுத் தூக்கின் மூடி எல்லாவற்றிலும் மாவு போல அந்தத் தூள் அப்பியிருக்கும். ஈரம் பட்டால் ஒரு வாசனை வரும், புதுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி. இன்றைக்கும் எந்த வீட்டில் வெள்ளையடித்தாலும் என்னால் அங்கே அதிக நேரம் உட்கார முடியாது.

எனக்கு டைம் ஆபீசில் உத்தியோகம். வருகிறவர்கள் அட்டையை ஒரு கடிகாரப் பெட்டியில் செருகினால் மணி அடித்து நேரம் பதியும். முதல் நாளே நான் அட்டையைத் தலைகீழாகச் செருகினேன். 'வந்தது' என்கிற இடம் காலியாக இருக்க, 'போனது' என்கிற இடத்தில் காலை நேரம் விழுந்தது. வேலைக்கு வருவதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டவன் என்று ஊரே சிரித்தது. பெட்டியைப் பார்த்தால் எந்தப் பக்கமும் செருகலாம் போலத்தான் இருக்கும். ஆனாலும் அன்றைக்கு என்னை நானே முட்டாள் என்று திட்டிக்கொண்டேன். அந்தக் காலத்தில் யாருக்கும் வேறு மாதிரி யோசிக்கத் தெரியாது. மெஷின் என்றால் சரி, மனுசன் என்றால் தப்பு.

ஆபீசுக்கு மேலே இரும்புப் படி ஏறினால் தகரத்தில் ஒரு கூண்டு. அங்கேதான் பெல்ட் ஓட்டுகிற சவரிமுத்து அண்ணன். வரதராஜன்பேட்டைக்காரர். அரியலூரில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கி, ஞாயிறுதோறும் ஊருக்குப் போய் வருவார். காலையில் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டுதான் முதல் பட்டனைத் தொடுவார். கூண்டின் ஜன்னல் வழியே பார்த்தால் கீழே உடைத்த கல்லைச் சுமந்து ஓடும் இரண்டு ரப்பர் பெல்ட். இடது பக்கம் கல் போகிற பெல்ட், அதன் ஓரத்தில் பெண்கள் நின்று மண்ணாங்கட்டியைப் பொறுக்கிப் போடுவார்கள். வலது பக்கம் தூள் போகிற பெல்ட், அங்கே ஆள் நிற்க மாட்டார்கள். ஜன்னலுக்கு அடியிலேயே பட்டன் பலகை. இடது கை கல் பெல்ட், வலது கை தூள் பெல்ட். பார்த்துக்கொண்டே அமுக்குவார். பத்துப் பன்னிரண்டு வருசமாக அப்படி.

பிறகு பழைய பலகை பழுதாகி, வேறு எங்கோ பிரித்து விற்ற ஒரு பெரிய பலகையை வாங்கி வந்தார்கள். அது ஜன்னலுக்கு அடியில் அடங்கவில்லை. எதிர்ச் சுவரில் மாட்டிவிட்டார்கள். இனி பட்டனை அமுக்க வேண்டுமென்றால் பெல்ட்டுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். போதாததற்கு வரிசையும் மாறிப்போயிற்று, இடது பட்டன் தூள் பெல்ட், வலது பட்டன் கல் பெல்ட். இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே வட்டம். எது ஓடுகிறது என்று காட்ட வேண்டிய சின்ன விளக்குகள் வந்த அன்றே எரியவில்லை. ஓட்டுவதற்கு முன் அடிக்க வேண்டிய மணியும் ரிப்பேர்.

"கை மறந்து பழைய பக்கமே போவுதுடா தம்பி," என்றார், நான் டீ கொண்டுபோனபோது. "பயமா இருக்கு."

சூப்பர்வைசரிடம் சொன்னார். "பழகுனா சரியாயிடும்" என்று பதில் வந்தது. அண்ணன் தன் பழைய சிவப்புத் துண்டைக் கிழித்துக் கல் பெல்ட் பட்டனின் மேல் கட்டினார். அங்கே ஆள் நிற்கிறார்கள் என்று அர்த்தம். கொஞ்ச நாள் அது போதுமானதாக இருந்தது.

முதலாளிமார் பார்வையிட வருகிறார்கள் என்று ஆலையைச் சுத்தம் செய்தார்கள். எல்லாவற்றுக்கும் சாம்பல் நிறப் பெயிண்ட். பெயிண்ட் அடித்தவன் அந்தத் துணியை அழுக்கு என்று பிய்த்து எறிந்துவிட்டான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை.

முதலாளிகள் பார்த்துவிட்டுப் போன மத்தியானம் கல் பெல்ட்டில் ஒரு கல் சிக்கிக்கொண்டது. அண்ணன் பெல்ட்டை நிறுத்தினார். பொறுக்குகிற பெண்களில் அஞ்சலை என்று ஒருத்தி, பக்கத்துக் கிராமத்துக்காரி, கையை உள்ளே விட்டுக் கல்லை அசைத்துக்கொண்டிருந்தாள். லாரி காத்திருக்கிறது, தூள் பெல்ட்டை ஓட்டு என்று கீழிருந்து சூப்பர்வைசர் சத்தம் போட்டார். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பினார். தூள் பெல்ட் என்றதும் வலது கைதான் நீண்டது.

நான் ஆபீசில் இருந்தேன். இரைச்சலையும் மீறி ஒரு சத்தம் கேட்டது. அதை எழுத மாட்டேன். மேலே அண்ணனுக்கு எது ஓடுகிறது என்றே தெரியவில்லை. முதலில் ஓடாத பெல்ட்டை நிறுத்தினார். அப்புறம்தான் மற்றதை.

அஞ்சலை பிழைத்துக்கொண்டாள். வலது கை முழங்கைக்கு மேலோடு போய்விட்டது.

மானேஜர் அறையில் விசாரணை நடந்தது. எனக்குத் தெரிந்ததை நானும் சொன்னேன். வரிசை மாறியிருப்பதையும் அண்ணன் துணி கட்டியதையும் சொன்னேன். "நீ டைம் ஆபீஸ்தானே? டைமை மட்டும் பாரு," என்றார் மானேஜர். பிறகு அண்ணனைப் பார்த்து, "பட்டனை அமுக்கினது யாரு?" என்று கேட்டார்.

"நாந்தாங்க."

"மெஷின்ல கோளாறு உண்டா?"

அண்ணன் கொஞ்ச நேரம் தன் வலது கையையே பார்த்தார். "இல்லிங்க. கைதாங்க தப்பாப் போச்சு."

அஜாக்கிரதை என்று எழுதி வேலையை விட்டு அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் ஜன்னலுக்குக் கீழே சுவரை இடித்து, பலகையைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, வரிசையையும் மாற்றினார்கள். மணியும் அடித்தது. ஏன் மாற்றுகிறோம் என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

ஊருக்குப் போவதற்கு முன் அண்ணன் அஞ்சலையைப் பார்க்க வேண்டும் என்றார். நானும் கூடப் போனேன். வெயில் தாழ்ந்த நேரம். வாசலில் அவளுடைய மகள், பள்ளிக்கூடம் போகிற வயசு, தலை சிக்குப் பிடித்து நின்றுகொண்டிருந்தது. அஞ்சலை இடது கையில் சீப்பை வைத்துக்கொண்டு வாரப் பார்க்கிறாள், பின்ன முடியவில்லை. எங்களைப் பார்த்ததும் சீப்பைக் கீழே வைத்தாள்.

"எதுக்கு வந்தீங்க?"

"பட்டன் பக்கம் மாறிப்போச்சும்மா…" என்று அண்ணன் ஆரம்பித்தார்.

"பக்கம் மாறுனா அமுக்குறதுக்கு முன்னாடி திரும்பி ஒரு பார்வ பாத்திருக்கலாம்ல? நாங்க மனுசங்க இல்லியா?"

அவள் மகளை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாங்கள் ரொம்ப நேரம் நின்றோம். திரும்பும் வழியில் அவர் கேட்டார், "அந்தப் புள்ளைக்கி யாருடா தலை பின்னுவாங்க?" அது ஒன்றைத்தான் கேட்டார், பஸ் வரும்வரை.

நானும் ஆலையை விட்டு, எண்பதுகளின் கடைசியில் திருச்சியில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிர் அறைக்குள் போகிற காலம். ஒருநாள் ஒரு பையன் இரண்டு நாளாக அடித்ததை ஒரே தட்டில் அழித்துவிட்டு அழுதான். நாங்கள் சிரித்தோம். பாடம் எடுத்த அம்மா சிரிக்கவில்லை.

"சேமிக்கிறதும் அழிக்கிறதும் பக்கத்துப் பக்கத்துல, ஒரே மாதிரி இருக்கு. அழிக்கட்டுமான்னு அது கேக்கவும் இல்ல. தப்பு இவன்மேல இல்ல, இத செஞ்சவங்கமேல," என்றார். மனுசன் தவறுவான் என்று முதலிலேயே எடுத்துக்கொண்டுதான் ஒரு பொருளைச் செய்ய வேண்டும், என்ன நடக்கிறது என்று அது அவனுக்குக் காட்ட வேண்டும், தவறினால் திரும்பி வர வழி விட வேண்டும், இதற்கென்றே வெளிநாட்டில் தனிப் படிப்பு இருக்கிறது என்றார். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். நான் எழுந்து வெளியே போய்ச் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஜெயங்கொண்டம் போய், அங்கிருந்து வரதராஜன்பேட்டைக்குப் போனேன். அண்ணன் முந்திரிக் காட்டில் கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போது இருட்டிவிட்டது. யாரும் விளக்குப் போடவில்லை. நான் எழுந்து தேடினேன். "இருங்க தம்பி, நான் போடுறேன்," என்று அவர் மனைவி மேரி அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். "வூட்ல எந்த சுவிச்சையும் தொடமாட்டாரு. நான் காட்டுலேருந்து வர நேரமானா இருட்டுலயே உக்காந்திருப்பாரு."

வகுப்பில் கேட்டதைச் சொன்னேன். அண்ணன் கேட்டுவிட்டு, "மேரி, இங்க வா. தம்பி, இன்னொரு தடவ சொல்லு," என்றார். சொன்னேன். மேரி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அண்ணன் அழவில்லை. "இத அஞ்சலைகிட்ட போய்ச் சொல்லுடா," என்றார். "நான் சொன்னா கேக்காது. படிச்சவங்க சொன்னாங்கன்னு நீ சொல்லு."

மறுவாரமே போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பத்தோடு திருப்பூர்ப் பக்கம் பிழைக்கப் போய்விட்டார்கள் என்றார்கள். எந்த இடம் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அடுத்த தடவை வரதராஜன்பேட்டைக்குப் போனபோது, "சொல்லிட்டியா?" என்று அண்ணன் கேட்டார். இல்லை என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். அதற்கப்புறம் சாகிறவரைக்கும் அவர் அதைப்பற்றிக் கேட்கவில்லை.

ஆலையை என்றைக்கோ பிரித்து இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். இப்போதெல்லாம் பெல்ட் ஓரத்தில் நின்று யாரும் மண் பொறுக்குவதில்லை. கல் வெட்டிய பள்ளம் வருசா வருசம் அகன்று அஞ்சலையின் ஊரையும் பாதி தின்றது. அவள் வீடு இருந்த இடத்தைக் காட்டச் சொல்லிப் போன வருசம் கேட்டேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் பள்ளத்துக்கு நடுவே தேங்கிக் கிடந்த பச்சைத் தண்ணீரைக் காட்டினார்.