ஷஃபியுல்லா கொண்டுவந்த மடக்கை அட்டவணை

அப்பாசாமி ஷஃபியுல்லாவை முதன்முதலில் பார்த்தது 1973-ஆம் ஆண்டுக் கோடையில், செங்கற்பட்டில் ஏரிக்காற்றே அனலாய் வீசிய சித்திரை மாதத்தில். அப்பாசாமி அங்கே ஒரு கல்லூரியில் எழுத்தர். விண்ணப்பம் வழங்கும் சன்னலுக்கு உட்புறம் அமர்ந்திருந்தார். கோவளத்தில் கயிற்றுக்கடை வைத்திருந்த மதார் சாகிபின் மகன் ஷஃபியுல்லா, எஸ்.எஸ்.எல்.சி. தேர்வை எழுதிவிட்டு வெளிப்புறம் நின்றான்.

"புகுமுக வகுப்புல கணக்கு குரூப் எடுக்க இன்னா சார் வேணும்?"

அவனுக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர் நின்றார்கள்; அப்பாசாமி நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "லாக் டேபிள் வேணும். அது இல்லாதவன் கணக்கு கிளாஸ் வாசப்படி மிதிக்க முடியாது."

"முழுசாவா சார்?"

"பின்ன, பாதியக் கிழிச்சிக்கினா வருவ? நவுரு."

ஆனி மாதத்தில் அவன் தந்தையுடன் மீண்டும் வந்தான். கையில் ஒன்றும் இல்லை.

"டேபிள் எங்கடா?"

"கீது சார்." நெஞ்சின்மேல் கைவைத்துக் கண்களை மூடிக்கொண்டான். "பத்து. சைபர் சைபர் சைபர் சைபர். சைபர் சைபர் நாலு மூணு. சைபர் சைபர் எட்டு ஆறு..."

அப்பாசாமி மடக்கை அட்டவணைப் புத்தகத்தை எடுத்துவரச் செய்து, விரலை வைத்துச் சரிபார்த்தார். நாற்பத்தேழு என்றார், 6721 என்றான். அறுபத்து மூன்று என்றார், 7993 என்றான். ஓர் இலக்கமும் பிசகவில்லை. மதரஸாவில் குர்ஆனை மனப்பாடமாக ஓதிப் பழகிய பிள்ளை அவன். ஒரு நூலை முழுதாகக் கொண்டுவரச் சொன்னால், நெஞ்சில் ஏற்றிக்கொண்டு வருவதே முறை என்பதை அவன் வீட்டில் ஒருவரும் ஐயுறவில்லை.

"எரவல் பொஸ்தகத்த வெச்சிகினு ரெண்டு மாசம் கடைப்பக்கம் எட்டிப் பாக்கல சார். சோறுகூட நின்னுகினே துன்னான்," என்றார் மதார் சாகிப் பெருமையாக.

அப்பாசாமி, தாம் எரிச்சலில் சொன்ன ஒரு சொல் ஒரு பிள்ளையின் இரண்டு மாதங்களை விழுங்கிவிட்டதே என்று மனம் கூசினார். அதைச் சொல்லத் துணிவு வரவில்லை.

பள்ளியில் எளிய கணிதம் மட்டும் படித்தவர்கள் கல்லூரிக் கணிதத்துக்குத் தகுதியானவர்களா என்றறிய, பேராசிரியர் திருநாவுக்கரசு ஒருமணி நேரத் தேர்வு ஒன்றை நடத்துவார். இருபதுக்கு ஏழு பெற்றால் கணிதப் பிரிவு, இல்லாவிட்டால் வரலாறு. ஷஃபியுல்லாவோ, பொறியாளராகிக் கோவளத்துக்குப் படகுத்துறை கட்டித் தருவதாக மீனவர்கள் அத்தனை பேருக்கும் வாக்குக் கொடுத்திருந்தான்.

தேர்வறைக்கு மேற்பார்வையாளர் அப்பாசாமிதான். அவரவர் கொண்டுவந்த அட்டவணையைப் பார்த்து எழுதலாம்; இரவல் கூடாது. முதல் வினா: 2-ஐயும் 3.5-ஐயும் மடக்கை முறையில் பெருக்குக.

அவன் இமைப்பொழுதில் .3010, .5441 என்று எழுதிக் கூட்டி .8451 என்று கண்டான். அதற்கு மேல் பேனா நகரவில்லை. அந்த மடக்கை அட்டவணையில் எந்த எண்ணுக்கு எதிரே வருகிறது என்றறிய, அட்டவணையைப் பத்திலிருந்து ஒப்பித்துக்கொண்டே வருவதைத் தவிர அவனுக்கு வேறு வழி தெரியாது. கண்களை மூடி, மெல்ல முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினான்.

சன்னலுக்கு வெளியே மதார் சாகிப் தவித்தார். "அவன் இன்னா சார் பண்றான்?"

"தேடிக்கினு கீறான்."

"இன்னாத்த?"

"ரெண்டையும் மூணரையையும் பெருக்குனா எவ்ளோன்னு."

வாழ்நாளெல்லாம் கயிறு அளந்த மனிதர் பொறுக்கமாட்டாமல் கத்தினார்: "ஏழு! டேய், ஏழுடா!"

மகன் கண்விழித்தான்; முகத்தில் அப்படியொரு வேதனை. "நடுவுல பேசாத அத்தா! இருவத்தஞ்சு வரைக்கும் வந்துட்டேன். இப்ப மறுபடி பத்துலேர்ந்து வரணும்."

அப்பாசாமி மேற்பார்வையாளருக்குரிய நெறியை மறந்து அவன் காதருகே குனிந்தார். "ஏழுன்னு எழுதித் தொலையேன்டா."

"டேபிள்ல வராம எப்டி சார் எழுதறது?"

எழுபதை அவன் எட்டியபோது மணி அடித்தது. 7 என்று எழுதி, அடிக்கோடிட்டு, தாளைக் கொடுத்தான். இருபதுக்கு நான்கு.

அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு எழுதிய மற்றவர்களுள் ஒருவன், மடக்கைக்குப் பதிலாக அதே நூலில் இருந்த முக்கோணவியல் சைன் பக்கத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் எழுதியிருந்தான். விடையெல்லாம் தவறு; ஆனாலும் வழிமுறை சரியென்று அவனுக்கு எட்டு மதிப்பெண் கிடைத்தது. கணிதப் பிரிவில் இடமும் கிடைத்தது.

"தப்பு என்னுது சார். நான்தான் முழுசா கொண்டான்னு சொன்னேன்," என்று அப்பாசாமி பேராசிரியரிடம் ஒப்புக்கொண்டார்.

திருநாவுக்கரசு மேசை இழுப்பறையைத் துழாவினார். "அப்படின்னா கணக்கு குரூப்ல உங்களுக்குத்தான் சீட் இல்லைன்னு எழுதணும். அதுக்கு ஃபாரம் இல்லையே, அப்பாசாமி."

ஷஃபியுல்லா வரலாறு படித்தான், தேறினான், கயிற்றுக்கடையில் உட்கார்ந்தான். படகுத்துறையைப் பற்றி மீனவர்கள் கேட்பதை இரண்டு ஆண்டுகளில் நிறுத்திக்கொண்டார்கள்.

1979-இல் ஓய்வுபெற்ற அப்பாசாமி, கிணற்றுக்குக் கயிறு வாங்கும் சாக்கில் கோவளத்துக்குப் போனார். ஆறு ஆண்டுகளாகச் சொல்லாத மன்னிப்பைக் கயிறு அளந்து முடிவதற்குள் சொல்லிவிட்டார்.

"அட, வுடுங்க சார்," என்று சிரித்தான் அவன். கயிற்றைச் சுருட்டிக் கொடுத்த பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஆனா ஒண்ணு. முப்பத்தாறு முழம்னு யாராச்சும் கேட்டா, அஞ்சு அஞ்சு ஆறு மூணுன்னு வாய் தன்னால சொல்லுது. கிராக்கி பயந்துகினு போறாங்க. காலேஜில பெரிய படிப்பு படிச்சவங்கள கேட்டு, இத எப்டி மறக்கறதுன்னு ஒரு வார்த்த எழுதிப் போடுங்க சார்."