பழையதை அழித்து இடம் செய்

பிற்பகல் ஒன்றே கால். முதலில் கண்ணில் பட்டது மேசையோரத்தில் இருந்த எக்ஸ்டர்னல் டிரைவின் பச்சை விளக்கு. தினமும் அந்த நேரத்தில் அது சிமிட்டத் தொடங்கும். நான்கு நிமிடத்தில் அடங்கிவிடும். அன்று நான் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு திரும்பிய பிறகும் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஒன்று முப்பத்தெட்டுக்குத்தான் நின்றது. பல வருடம் செய்தித்தாளில் உதவி ஆசிரியராக இருந்தவனுக்கு நேரத்தைக் குறித்து வைக்கும் பழக்கம் போவதில்லை. டைரியில் இரண்டு நேரங்களையும் எழுதினேன். காரணத்தைப் பார்க்கவில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. மயிலாப்பூரில் தெற்கு மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மருந்துக் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். புத்தகங்களுக்கும் கையேடுகளுக்கும் டி.டி.பி. செய்து கொடுப்போம். மூன்று கம்ப்யூட்டர்கள். அன்றன்றைய வேலையை மதிய உணவு நேரத்தில் தானாகவே பிரதியெடுத்து, தேதியிட்ட ஃபோல்டரில் சேர்த்துவைக்க அந்த டிரைவ். அதில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு.

இடம் எப்போதும் போதவில்லை. நிறைந்துவிட்டால் புரோகிராம் ஒரு கேள்வி கேட்கும். யாராவது பதில் சொல்லும்வரை பீப் பீப் என்று கத்திக்கொண்டிருக்கும். இரண்டு முறை எச்சில் கையோடு எழுந்து ஓடிய பிறகு, அந்தக் கேள்வியே வராதபடி செய்தேன். பழையதை அழித்து இடம் செய், கேட்காதே. ஒரு சிறு கட்டத்தில் டிக் போடுகிற வேலைதான்.

இடத்தை அதிகம் தின்றது குரல். புரூஃப் பார்க்க இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிக்க, மற்றவர் திருத்த. எங்களிடம் அதற்கு ஒரே ஆள்தான் இருந்தார். முப்பது வயதுப் பெண். மேற்கு மாம்பலத்திலிருந்து வருவார். அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மைக்கில் பிரதியைத் தானே படித்துப் பதிவு செய்வார், கமா, முற்றுப்புள்ளி, புது பாரா எல்லாம் சேர்த்து. பிறகு ஹெட்போனில் தன் குரலைக் கேட்டுக்கொண்டே தாளில் திருத்துவார். மாலையில் பதிவைத் தன் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட வேண்டும் என்பது நான் போட்ட விதி. ஆனால் மதியத்துக்கு முன் பதிவானது டிரைவில் ஏறியிருக்கும். இரண்டு வாரம் போல இருந்துவிட்டு, அதன் முறை வரும்போது அழியும்.

“உங்க பொட்டிக்கு என்னா பசி சார். என் தொண்டையையே தின்னுக்கினு இருக்குது” என்பார்.

அந்த வியாழக்கிழமை அவர் படித்துக்கொண்டிருந்தது கால்நடை நோய்கள் பற்றிய கையேடு. பன்னிரண்டு மணிக்குச் சற்று முன் எழுந்து போனார். தலைவலி என்று மாடிப்படியில் உட்கார்ந்தார், வாந்தி எடுத்தார். முதலாளி கீழே போய் ஆட்டோ பிடித்து, தன் மனைவியைத் துணைக்கு ஏற்றி அனுப்பினார். ஒன்று பத்துக்கு நான் அவருடைய மேசைப் பக்கம் போனபோது மைக் அணையாமல் இருந்தது. பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தினேன். ஒருவர் செய்த வேலை வீணாகக் கூடாது என்று, ஒரு பெயர் கொடுத்துச் சேமித்தேன்.

சனிக்கிழமை காலை மருத்துவமனையில் இறந்துபோனார். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

“பதிமூணு நாள் ஆகட்டும். அதுவரைக்கும் அவ மெஷினை யாரும் தொடாதீங்கோ” என்றார் முதலாளி. மானிட்டர் மேல் ஒரு முழம் மல்லிகை வைத்தார். அது அங்கேயே காய்ந்தது. ஹெட்போன் பஞ்சில் நீளமான ஒரு முடி சிக்கியிருந்தது. அதையும் யாரும் எடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஒன்றே காலுக்கு டிரைவ் அவருடைய கம்ப்யூட்டரைத் தேடியது. பதில் இல்லை என்று தன் பதிவேட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போனது.

பதினைந்தாம் நாள் அவர் கணவர் வந்தார். ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்ப்பவர். கொடுத்த காபியைத் தொடவில்லை.

“சார், பாப்பாவுக்கு ஒரு கதை பேசி வெச்சிருக்கேன்னு சொன்னா. உங்க பொட்டியில கீதாம்.”

மெல்ல மெல்லத்தான் விஷயம் வந்தது. குழந்தைக்கு மூன்றரை வயது. அம்மா சொல்லும் ரயில் கதை இல்லாமல் சாப்பிடாது. மாம்பலத்தில் கிளம்பும் ரயில். ஸ்டேஷனுக்கு ஒரு வாய். வேலை நீளும் நாட்களில் அப்பா போட்டுக் காட்டட்டும் என்று, ஒரு நாள் வேலைக்கு நடுவே மைக்கில் அதைச் சொல்லியிருக்கிறார். மாலையில் விதிப்படி தன் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டார். டிரைவிலிருந்து எடுத்து கேசட்டில் போட்டுத் தரும்படி என்னிடம் கேட்பதாக வீட்டில் சொன்னாராம். கேட்பதற்குள் அந்த வியாழக்கிழமை வந்துவிட்டது.

“நான் சொன்னா தப்புங்கறா சார். கோடம்பாக்கத்துல யாரோ ஏறணுமாம். யாருன்னு எனக்குத் தெரியல. ரெண்டு வாரமா சரியா சாப்பிடல.”

இருக்கும் என்றேன். பார்க்காமலே சொன்ன சொல்.

அவர் சொன்ன தேதிக்கான ஃபோல்டர் டிரைவில் இல்லை. பதிவேட்டைத் திறந்தேன். வியாழக்கிழமை ஒன்றே கால்: தொடக்கம். இடம் போதவில்லை. மிகப் பழைய நாள் அழிக்கப்பட்டது. இடம் போதவில்லை. அடுத்த நாள் அழிக்கப்பட்டது. இப்படி ஐந்து நாட்கள். கதை இருந்தது நான்காவதில். ஒன்று முப்பத்தெட்டு: முடிந்தது. அதன் பிறகு குரல் எதுவும் ஏறவில்லை, எந்த நாளும் அழியவும் இல்லை. அன்று இடம் கேட்ட பெரிய கோப்பு ஒன்றே ஒன்று. நான் பெயர் கொடுத்துச் சேமித்தது.

அழிந்த கோப்புகளை மீட்கும் ஒரு புரோகிராம் எங்களிடம் இருந்தது. அதை ஓட்டினேன். அது மீட்டுத் தரும் பெயர்களில் முதல் எழுத்து இருக்காது. ரயில் என்று ஆங்கிலத்தில் எழுதிய பெயர், தலையில்லாமல் பட்டியலில் வந்து நின்றது. திறந்தேன். மின்விசிறிச் சத்தம் கேட்டது. கதை இருந்த இடத்தில் அந்தப் பெரிய கோப்பு ஏறி உட்கார்ந்திருந்தது.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: டிக் போட்டது யார், சேமித்தது யார் என்பதையும். அவர் கோபப்படவில்லை. டிரைவைக் காட்டிக் கேட்டார்:

“அந்தப் பெரிய ஃபைலு, அதுல அவ கீறாளா?”

தொடக்கத்தில் இருக்கிறார் என்றேன். போடச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டேன். கோமாரி நோய் வைரஸால் பரவுவது முற்றுப்புள்ளி. வாயிலும் குளம்பிலும் கொப்புளங்கள் தோன்றும் முற்றுப்புள்ளி புது பாரா. ஒன்பது நிமிடம் தடங்கலில்லாமல் போயிற்று. பிறகு, “ஒரு நிமிஷம்.” அப்போது அருகில் யாரும் இல்லை. நாற்காலி நகரும் ஒலி.

நிறுத்தப் போனேன். “இருக்கட்டும் சார்” என்றார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் இருவரும் கேட்டோம். மின்விசிறி. தெருவில் ஆட்டோ ஹாரன். யாரோ ஸ்கேல் கேட்பது, யாரோ சிரிப்பது. கீழே முதலாளியின் குரல், ஆட்டோ கிளம்பும் சத்தம். அதன் பிறகு வெகு நேரம் எதுவும் இல்லை. கடைசியில் காலடி ஓசை ஒன்று தூரத்திலிருந்து அந்த மேசையை நோக்கி வந்தது. என் பக்கத்தில் கணவர் தன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். காலடி நின்றது. ஒரு இருமல். மவுஸின் கிளிக். நான்தான் அது.

முதல் ஒன்பது நிமிடத்தை மட்டும் கேசட்டில் ஏற்றித் தரும்படி கேட்டார். ஏற்றித் தந்தேன். அவர் போன பிறகு அந்தச் சிறு கட்டத்திலிருந்த டிக்கை எடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து அலுவலகத்துக்குப் போன் செய்தார். அன்று வந்தபோது தன் கைக்குட்டையை மறந்துவிட்டுப் போனாரா என்று கேட்டார். இங்கே இல்லை என்றேன். குழந்தை எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். ரயில் கதையை இப்போது கேட்பதில்லையாம். கோமாரி நோயைப் போட்டால், கேசட் முடிவதற்குள் தட்டில் இருப்பதைச் சாப்பிட்டுவிடுகிறாள் என்றார்.