வலைக்கு அங்காலை கதைக்கக் கூடாது

ஆண்டியப்பனுக்குக் கரப்பந்து விளையாட வரும். வாயை மூடிக்கொண்டு விளையாட வராது. எழுபத்தேழுக் கலவரத்தோடு மலைநாட்டுத் தோட்டம் ஒன்றிலிருந்து குடும்பத்தோடு நெளுக்குளம் வந்தவன். முகம் தெரியாத ஊரில் அவன் ஆட்களைப் பழகிக்கொண்டதே வலையடியில் நின்று பேசிப் பேசித்தான். எதிர்ப்பக்கத்துக்காரன் பந்தடிக்க எழும்பும் நேரம் பார்த்து, "அண்ணே, கன்னுக்குட்டி சுகமா?" என்று கேட்பான். உண்மையாகவே அறியும் ஆசையில்தான் கேட்பான். எழும்பியவனுக்குச் சிரிப்பு வரும். பந்து வெளியே போகும்.

எண்பத்தொன்றில் துணுக்காய்க்கே போய் அந்த ஊர் அணியோடு ஆட்டம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறி வயல் செய்கிறவர்கள். அவர்களின் தலைவர் தில்லைநாதன் ஆட்டம் தொடங்கு முன்னரே மத்தியஸ்தர் யோகநாதனிடம் போனார்.

"உவன்ர கதையாலதான் போன முறை தோத்தனாங்கள். எதிர்ப்பக்கத்தோட ஒரு சொல்லுக் கதைச்சாலும் புள்ளியை எங்களுக்குத் தாங்கோ."

யோகநாதன் தலையாட்டினார். ஆண்டியப்பன் உதட்டைக் கடித்துக்கொண்டு இறங்கினான்.

பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. அப்போதுதான் அவன் அதைக் கண்டான். வலைக்கு அந்தப் பக்கம் நின்ற வீரகத்தி வயலிலிருந்து நேரே வந்தவர். சிவப்புச் சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். சாரத்தின் முடிச்சு மெல்ல நழுவிக்கொண்டிருந்தது.

ஆண்டியப்பன் புருவத்தை உயர்த்தினான். தன் இடுப்பைத் தட்டிக் காட்டினான். வீரகத்தி முறைத்தார். வேறு வழியில்லாமல் தன் பக்கத்து முத்துலிங்கத்தைப் பார்த்துக் கத்தினான்:

"முத்துலிங்கம், நான் உன்கிட்டதான் பேசுறேன்! செவப்புச் சாரம் கட்டுனவரு ஒருக்கா இடுப்பப் பாத்துக்கிட்டா நல்லது!"

"பாக்காத வீரகத்தி!" என்று பின்னாலிருந்து தில்லைநாதன் அலறினார். "உவன் பேய்க்காட்டுறான், ஏமாறாத. பந்தைப் பார்!"

வீரகத்தி பந்தைப் பார்த்தார். எழும்பினார். அடித்தார். அப்படி ஓர் அடியை அந்த வெளி கண்டதில்லை. பந்து மூலையில் விழுந்து புழுதி கிளப்பியது. ஆனால் வானத்துக்கு எழும்பியது வீரகத்தி மட்டும்தான். சாரம் தரையிலேயே நின்றுவிட்டது. உள்ளே மனைவி இராசேஸ்வரி தன் சட்டைத்துணியில் மிஞ்சியதை வைத்துத் தைத்துக் கொடுத்த, மஞ்சள் பூப்போட்ட காற்சட்டை.

"ஐயோ, என்ர பூ!" என்று கரையில் நின்ற இராசேஸ்வரி கத்தியதில் எல்லாம் கெட்டது. யோகநாதன் விசிலை ஊதப் போய், விசிலுக்குள்ளேயே சிரித்தார். முத்துலிங்கம் சிரிப்புத் தாங்காமல் வலைக்கம்பைக் கட்டிப்பிடிக்க, கம்பு அவனோடு சேர்ந்து சாய்ந்தது.

வீரகத்தி சாரத்தை வாரிச் சுற்றிக்கொண்டு வந்தார். "டேய் தம்பி, கண்டனி எண்டால் நேர சொல்லுறதுக்கென்ன?"

"சொன்னா ஒரு புள்ளி போயிரும்ல, அண்ணே!"

தில்லைநாதன் நிலத்தில் குந்திவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "இனிக் கதையுங்கோ. கட்டாயம் கதைக்கோணும்!"

கம்பை நட்டு மீண்டும் தொடங்கினார்கள். பன்னிரண்டு பேரும் கதைத்தால் யார் புள்ளியைக் கவனிப்பது? கடைசியில் துணுக்காய் வென்றதாக யோகநாதன் சொன்னார், யாரும் மறுக்கவில்லை.

நெளுக்குளத்தாரின் லொறி புறப்பட்டபோது ஆண்டியப்பன் ஏறவில்லை. வீரகத்தி வீட்டுக் கிணற்றடியில் குளித்தபடி, கிணறு எத்தனை முழம், பசு எத்தனை போத்தல் கறக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தான். மறுநாள் மத்தியான பஸ்ஸில்தான் ஊர் வந்து இறங்கினான். தொண்டை கட்டியிருந்தது. மடியில் இராசேஸ்வரி கொடுத்துவிட்ட பெரிய பூசணிக்காய்.